அளந்து பார்த்த பின்னரே நட்டைக் கழற்றும் டயர் கடை: மருதமுனையில் கிடைத்த ஒரு நல்ல சேவை

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் ஏ4 வீதியில், பெரியநீலாவணையைக் கடந்து மருதமுனைக்குள் நுழைந்ததும் வீதியோரமாக ஒரு டயர் கடை இருக்கிறது. எனது முன்சக்கர இயக்கக் காரின் நான்கு டயர்களையும் அங்கேதான் இடம் மாற்றிப் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பலன்சிங்கும் (சக்கரத்தின் பாரத்தைச் சுற்றிலும் சமப்படுத்துவது) செய்துகொண்டேன். கல்லடியில் வசிக்கும் நான் இவ்வளவு தூரம் போவதற்கு, அந்தக் கடையில் டயரைத் தொடும் முன் அளக்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதே காரணம். அவர் சொன்னது உண்மை என்பதை நேரில் கண்டேன். டயர்களை இடம் மாற்றுவது தேவைதானா, தேவையென்றால் எப்போது, எந்த முறையில் என்ற கேள்விகளுக்கு அந்தக் கடையின் வேலைமுறையே பெரும்பகுதி விடை தருவதால், சேவையைப் பற்றிய எனது மதிப்பீட்டையும் அந்த விடைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த விடயம் நமது பகுதியில் முன்னெப்போதையும் விட முக்கியமாகியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனத்தையே பேணி ஓட்டவேண்டிய நிலை எல்லோருக்கும் வந்தது. 2022 இல் டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவளவில் இருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியபோது, டயர் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். ஒரு செற் டயரை முழுமையாகப் பயன்படுத்தி முடிப்பது இன்று ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு நேரடியாகத் தொடர்புடைய காரியம்.

முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு சிறிய காரில், அதாவது விட்ஸ், வெகன் ஆர், ஆல்டோ, அக்வா, அக்ஸியோ போன்ற நம் வீதிகளில் நிறைந்திருக்கும் கார்களில், இயந்திரத்தின் பாரத்தைச் சுமப்பதும், காரை இழுத்துச் செல்வதும், திரும்புவதும், பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கிச் சாயும் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவதும் முன் டயர்கள் இரண்டுமே. பின் டயர்கள் பெரும்பாலும் உருண்டு வருவதோடு தம் வேலையை முடித்துக்கொள்கின்றன. எனவே ஒரே நாளில் போட்ட நான்கு டயர்களில் முன்னிரண்டும் வேகமாகத் தேய்வது இயல்பு. பின் டயர்களும் தேய்கின்றன. ஆனால் வேறு விதமாக. ஒரே திசையில், இழுவை இல்லாமல் உருண்டுகொண்டே இருப்பதால் அவற்றின் மேற்பரப்பிலுள்ள கட்டங்களின் ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் வாள் பற்களைப் போல் ஆகிவிடுகிறது. காப்பெற் வீதியில் ஓடும்போது காரின் பின்பக்கத்திலிருந்து எழும் ஒரு சீரான இரைச்சலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதைப் பெயாரிங் சத்தம் என்று நினைத்து நல்ல பெயாரிங்கைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நிலம் தட்டையானது, வீதிகள் நேரானவை, ஆகவே டயர்கள் ஒரே சீராகத் தேயும் என்று எண்ணுவது சரியன்று. நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காக வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கின்றன. எதிரே பேருந்து வரும்போது இடப்பக்கச் சக்கரங்களே தார் விளிம்பிலிருந்து மணலுக்கும் கிறவலுக்கும் இறங்கி ஏறுகின்றன. சுற்றுவட்டங்களைக் கடிகார முள்ளின் திசையில் சுற்றும்போது காரின் பாரம் இடப்பக்கம் சாய்ந்து, இடது முன் டயரின் வெளித்தோளின் மீது, அதாவது மேற்பரப்பின் வெளி ஓரத்தின் மீது, விழுகிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம், வவுணதீவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் வயல் வேலையாக அடிக்கடி போய்வருபவர்களின் டயர்களில் கிறவல் கற்கள் கிழித்த சிறு வெட்டுகளும் சேர்ந்துகொள்கின்றன. செங்கலடியிலிருந்து ஏ5 வீதி வழியாக மகாஓயா, பிபிலை கடந்து பதுளைக்கு ஏறுபவர்களுக்கு வளைவுகளில் ஏற்படும் தேய்வு வேறு. ஆகவே நான்கு டயர்களும் நான்கு விதமாக வாழ்கின்றன. காலத்துக்குக் காலம் அவற்றின் இடங்களை மாற்றி, ஒவ்வொன்றும் எல்லா வகையான உழைப்பையும் பகிர்ந்துகொள்ளச் செய்வதே இந்த வேலையின் நோக்கம்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இடம் மாற்றுவதால் புதிதாக இறப்பர் முளைப்பதில்லை. நான்கு டயர்களிலும் இருக்கும் மொத்த இறப்பர் எவ்வளவோ அவ்வளவுதான். கிடைக்கும் பயன், நான்கும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருப்பதும், ஒரு டயரின் ஒரு தோள் மட்டும் தேய்ந்ததற்காக மீதி நல்ல பகுதியையும் சேர்த்து வீசவேண்டிய நிலை வராமலிருப்பதும், மழையில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பது கணிக்கக்கூடியதாக இருப்பதுமே. அதற்கு ஈடாக, நான்கு டயர்களையும் ஒரே சமயத்தில் வாங்கவேண்டிய செலவு வரும். இரண்டிரண்டாக வாங்கினால்தான் கைக்குக் கட்டுப்படியாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இனி அந்தக் கடை. காரை உள்ளே விட்டதும் வேலை செய்யும் இளைஞர் ஜாக்கியை எடுக்கவில்லை. ஆழம் அளக்கும் சிறிய கருவியையும் வெள்ளைச் சுண்ணக்கட்டியையும் எடுத்து வந்தார். ஒவ்வொரு டயரின் தவாளிப்பிலும், அதாவது மேற்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்திலும், வெளித்தோள், நடு, உள்தோள் என மூன்று இடங்களில் அந்த ஊசியை இறக்கி, கிடைத்த எண்ணை டயரின் பக்கச்சுவரிலேயே எழுதினார். இடது முன் டயரில் வெளியே 4.2, நடுவே 5.0, உள்ளே 4.9 மில்லிமீற்றர். வலது முன் டயரில் 4.6, 5.1, 5.0. பின் டயர்கள் இரண்டும் எல்லா இடங்களிலும் 6.2 இலிருந்து 6.4 வரை. புதிய கார் டயர் ஒன்றின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் என்பதையும், தவாளிப்பின் அடியில் குறுக்கே வைக்கப்பட்டிருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றரைக் காட்டுகின்றன என்பதையும், அந்த மேடு மேற்பரப்போடு சமமானால் டயர் முடிந்துவிட்டது என்பதையும் அவர் விரல் வைத்துக் காட்டினார். நான் கேட்காமலே காட்டினார் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

பின்னர் அவர் செய்தது இன்னும் முக்கியமானது. உள்ளங்கையை இடது முன் டயரின் மேல் வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும் உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் தடவினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு திசையில் கை வழுக்கிச் சென்றது. உள்ளிருந்து வெளியே வரும்போது ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் கையில் தடக்கியது. "டயர்ர பிழையில்ல அண்ணன், அலைன்மென்ட்ர பிழை. இதச் செய்யாம இடத்த மட்டும் மாத்தினா, பின்னால இருந்து வாற நல்ல டயரும் மறுகா இப்பிடித்தான் தேயும்" என்றார். அலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தபோது முன் சக்கரங்கள் இரண்டின் முன்பக்கமும் அளவுக்கு மேல் உள்நோக்கித் திரும்பியிருப்பது திரையில் தெரிந்தது. சக்கரங்கள் உள்நோக்கி இருந்தால் வெளித்தோள் தேயும். வெளிநோக்கி இருந்தால் உள்தோள் தேயும். சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த எண்களும் திரையில் வந்த கோணமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

இந்தக் கடையை நான் மதிப்பதற்கான அடிப்படைக் காரணம் இதுவே. தேய்வின் வடிவம் நோயைச் சொல்லும். இரு தோள்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகையாக இருந்திருக்கிறது. ஒரு தோள் மட்டும் தேய்ந்திருந்தால் கோணத்தில் கோளாறு. ஆங்காங்கே கிண்ணக் குழிகள் போல் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபரையோ பலன்சிங்கையோ பார்க்கவேண்டும். இவற்றைப் பார்க்காமல் டயர்களை இடம் மாற்றும் கடைக்காரர் அந்தத் தடயத்தைப் பின்பக்கத்தில் ஒளித்துவைக்கிறார். சில மாதங்களின் பின் முன்னால் வந்த நல்ல டயரிலும் அதே நோய் பற்றிய பிறகுதான் உரிமையாளருக்கு விடயம் தெரியவரும். அப்போது இரண்டு டயர்களுக்குப் பதிலாக நான்கும் கெட்டிருக்கும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்ற கேள்விக்கு, 8,000 முதல் 10,000 கிலோமீற்றர் வரையான இடைவெளியே பொதுவாகச் சொல்லப்படுவது. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை ஒயில் மாற்றுபவர்கள், ஒன்றுவிட்ட ஒவ்வொரு சேர்விஸிலும் இதையும் செய்துகொண்டால் கணக்கு வைக்கச் சிரமமில்லை. ஆனால் கிலோமீற்றர் எண்ணை விட ஆழத்தின் வேறுபாட்டைக் கவனிப்பதே சரி என்பது கடை உரிமையாளரின் கருத்து. அதை நானும் முழு மனதோடு ஏற்கிறேன். ஏனென்றால், தாமதமாகச் செய்யும் இடமாற்றம் நன்மையை விடத் தீமையே தரக்கூடும்.

அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நல்ல டயர்கள் முன்னால்தான் இருக்கவேண்டும், இழுப்பதும் திருப்புவதும் அவைதானே என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். இரண்டு புதிய டயர்கள் மட்டும் வாங்குபவர்களும் அவற்றை முன்னாலேயே போடச் சொல்கிறார்கள். மிச்செலின் உள்ளிட்ட டயர் உற்பத்தியாளர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது: ஆழம் கூடிய டயர்கள் பின்னால் இருக்கவேண்டும். நீர் தேங்கிய வீதியில் முன் டயர்கள் பிடியை இழந்தால் கார் திரும்ப மறுத்து நேராகச் செல்லும். கால் எடுத்து வேகத்தைக் குறைத்தால் சாதாரண சாரதி ஒருவரால் அதைச் சமாளிக்க முடியும். பின் டயர்கள் பிடியை இழந்தால் காரின் பின்பகுதி வீசிச் சுழலும். அதைத் திருத்தி எடுப்பது பழகிய சாரதிக்கும் கடினம். கார்த்திகை, மார்கழி மழையில் ஏ4 வீதியின் தாழ்ந்த இடங்களிலும், ஏ15 வீதியில் வாகரைப் பக்கமும் தண்ணீர் வீதியைக் குறுக்கறுத்து நிற்பதைக் கண்ட எவருக்கும் இதன் பொருள் புரியும்.

இந்த இடத்தில்தான் இரு விதிகள் மோதுவதுபோல் தோன்றுகின்றன. இடமாற்றம் என்பது தேய்ந்த முன் டயரைப் பின்னால் அனுப்புவது. பாதுகாப்பு விதியோ தேய்ந்த டயரைப் பின்னால் வைக்காதே என்கிறது. முரண்பாடு தீர்வது காலத்தில்தான். டயர்கள் புதியவையாக இருக்கும்போதே தொடங்கி ஒழுங்காக மாற்றி வந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டாது. எல்லா டயர்களிலும் போதுமான ஆழம் இருக்கும். எதைப் பின்னால் போட்டாலும் ஆபத்தில்லை. முன்னிரண்டும் மொட்டையாகும் தறுவாயில், பின்னிரண்டும் பாதி ஆயுளோடு இருக்கும் நிலையில் வந்து, இடம் மாற்றிப் போடுங்கள் என்று கேட்பதுதான் ஆபத்து. நான் காத்திருந்த வேளையில், முன் டயர்கள் 2 மில்லிமீற்றரளவுக்கு இறங்கிய காரோடு வந்த ஒருவருக்கு, இடமாற்றத்தைச் செய்ய மறுத்து, தேய்ந்த இரண்டுக்கும் பதிலாக மழைக்கு முன் புதியவை வாங்கிவிடும்படி உரிமையாளர் சொன்னதைக் கேட்டேன். வந்தவர் கேட்ட வேலையைச் செய்து உரிமையாளர் கூலி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

எனது காரில் வேறுபாடு ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டது. எல்லையை ஒட்டித்தான் வந்திருக்கிறேன் என்றார்கள். எனினும் நான்கிலும் 4 மில்லிமீற்றருக்கு மேல் இருந்ததால் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். முன்சக்கர இயக்கக் கார்களுக்கான முறைப்படி முன் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்குச் சென்றன. பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கு வந்தன, அதாவது இடது பின் டயர் வலது முன்னுக்கும், வலது பின் டயர் இடது முன்னுக்கும். குறுக்காக வரும்போது டயர் உருளும் திசை மாறுவதால், முன்பு சொன்ன வாள் பல் தேய்வு மறுதிசையில் அரைபட்டுச் சீராகிறது. பின்சக்கர இயக்கம் கொண்ட ஹையேஸ் போன்ற வான்களில் இது தலைகீழ்: பின் டயர்கள் நேராக முன்னுக்கு வர, முன் டயர்கள் குறுக்காகப் பின்னுக்குப் போகவேண்டும். நான்கு சக்கர இயக்க வாகனங்களில் நான்கு டயர்களின் ஆழமும் நெருங்கியிருப்பது இயக்கப் பொறிமுறையின் நலனுக்கே அவசியம் என்பதால், அவற்றின் உரிமையாளர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

பக்கம் மாற்றிப் போடக் கூடாது என்று மூத்த சாரதிகள் சிலர் இன்றும் உறுதியாகச் சொல்வார்கள். அது காரணமின்றிப் பிறந்த நம்பிக்கை அல்ல. மிச்செலின் நிறுவனம் 1946 இல் காப்புரிமை கோரிய, இன்றைய கார்களில் வழக்கமாக உள்ள ரேடியல் டயர் பின்னாளில் உலகெங்கும் பரவிய தொடக்கக் காலத்தில், ஒரு திசையில் ஓடிப் பழகிய டயரை மறுதிசையில் ஓட்டவேண்டாம் என்ற அறிவுரை பரவலாக இருந்தது. இன்றைய ரேடியல் டயர்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஆனால் ஒரு வகை டயருக்குத் தடை இன்றும் உண்டு. பக்கச்சுவரில் அம்புக்குறி போட்டு, தவாளிப்புகள் அம்பு முனை வடிவில் வெட்டப்பட்ட டயர்கள் ஒரே திசையில்தான் உருளவேண்டும். நீரை நடுவிலிருந்து இரு புறமும் தள்ளும்படி அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒரே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்றலாம். எனது முந்தைய காரில் அத்தகைய டயர்கள் இருந்தபோது, வேறொரு கடையில் அம்புக்குறியைப் பார்க்காமலே குறுக்காகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மழைநாளில் கார் தண்ணீரின் மேல் மிதப்பதுபோல் உணர்ந்து, வீட்டில் குனிந்து பார்த்தபோதுதான் அம்பு பின்னோக்கி இருப்பது தெரிந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டபோது, அதனால் ஒன்றும் ஆகாது என்ற பதிலே கிடைத்தது. டயர் விற்றுப் பிழைப்பவர்கள் சொல்லக்கூடாத பதில் அது. மருதமுனைக் கடையில், எனது டயர்களில் அம்பு இல்லை என்பதை நட்டுகளைத் தளர்த்தும் முன்பே பார்த்துச் சொன்னார்கள். வெளிப்பக்கம் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டிருக்கும் டயர்களை எந்த இடத்துக்கும் மாற்றலாம், அச்சிட்ட பக்கம் வெளியே தெரிந்தால் போதும்.

சக்கரங்களைக் கழற்றும்போது நம் கரையோரப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வெளிப்பட்டது. வங்காள விரிகுடாவின் உப்புக் காற்றில் நாள்தோறும் நிற்கும் கார்களில், ரிம்மும் அச்சின் முகப்பும் தொடும் இடத்தில் துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எனது காரின் பின் சக்கரம் ஒன்று நட்டுகள் முழுவதும் கழன்ற பின்னும் அசையவில்லை. ஓங்கி உதைக்காமல், இறப்பர்ச் சுத்தியலால் டயரின் உட்புறத்தைச் சுற்றித் தட்டித் தட்டி எடுத்தார்கள். அதன் பின் கம்பித் தூரிகையால் அச்சின் முகப்பையும் ரிம்மின் உட்புறத்தையும் துரு நீங்கத் தேய்த்தார்கள். அந்தத் துருவின் மேல் அப்படியே ரிம்மைப் பூட்டினால் அது சமமாக உட்காராது. ஓடும்போது துரு நொறுங்கி உதிர, இறுக்கிய நட்டு தானாகவே தளரும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சக்கரங்களைக் கழற்றுவது கரையோரத்தில் வாழ்பவர்களுக்குத் தனிப்பட்ட ஒரு நன்மை என்பதை அன்று உணர்ந்தேன். ஓட்டை விழுந்த நாளில், இரவில், நடுவீதியில் அந்தச் சக்கரம் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

பூட்டும்போது நட்டுகளை முதலில் கையால் சுற்றி, பின் நட்சத்திர ஒழுங்கில் ஒன்றுக்கொன்று எதிரானதைச் சிறிது சிறிதாக இறுக்கி, காரைத் தரையில் இறக்கிய பிறகே இறுக்கத்தின் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனரால் இறுதி இறுக்கம் கொடுத்தார்கள். டொயோட்டாவின் பல கார்களுக்கு அந்த அளவு 103 நியூற்றன் மீற்றர். காற்றமுக்கத்தால் இயங்கும் எயார் கன்னை மட்டும் நம்பி அலறவிட்டு இறுக்கும் பழக்கம் எங்கும் உள்ளது. மிகையாக இறுக்கினால் போல்ட் நீண்டு பலவீனமடையும், பிரேக் தட்டு நெளியும், வழியில் கழற்ற முயலும் ஒரு பெண்ணாலோ வயதானவராலோ அசைக்கவே முடியாமற் போகும். ஐம்பதிலிருந்து நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒரு முறை இறுக்கத்தைச் சரிபார்க்கவேண்டும். வழியால் போகும்போது நிறுத்தினால் இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். திரும்பி வந்த ஒரு நாளில் நிறுத்தினேன். சொன்னபடியே, வேறு வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

காற்றைப் பொறுத்தவரை, முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அமுக்கம் குறிக்கப்பட்ட கார்களில், டயர் இடம் மாறினால் அமுக்கமும் மாற்றப்படவேண்டும். சரியான அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பின்பற்றக் கூடாது. இங்கே ஒரு குறையைச் சொல்லவேண்டும். நண்பகல் வெயிலில் நாற்பது கிலோமீற்றரளவு ஓடி வந்த சூடான டயர்களில் ஒட்டுத்தாள் அளவையே சரியாக வைத்துக் கொடுத்தார்கள். வெப்பம் ஐந்தாறு பாகை செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றமுக்கத்தின் அலகு) ஏறும். வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்தில், கொதிக்கும் தாரின் மேல் ஓடிய டயரில் சரியாகத் தெரியும் அளவு, மறுநாள் விடியற்காலையில் குறைவாகவே இருக்கும். எனது காரில் மறுநாள் காலையில் நான்கிலும் 3 பிஎஸ்ஐ குறைந்திருந்தது. ஆழத்தை மூன்று இடங்களில் அளக்கும் கவனம் உள்ளவர்கள், டயர் ஆறியபின் காற்றைப் பார்க்கும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும்.

மேலதிகச் சக்கரத்தையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். முழு அளவுச் சக்கரமாக இருந்தால் அதையும் சுழற்சியில் சேர்த்து ஐந்து டயர்களாக ஓட்டலாம். எனது காரில் இருப்பது மெலிந்த தற்காலிகச் சக்கரம். அது 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாதது, சுழற்சியில் சேராதது, 60 பிஎஸ்ஐ காற்றுத் தேவைப்படுவது. அதில் பாதிக் காற்றும் இல்லை. நிரப்பிக் கொடுத்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த சில சிறு கார்களில் மேலதிகச் சக்கரமே இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் மருந்தின் காலாவதித் திகதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் இந்தச் சேவை ஒரே அளவில் பயன் தராது. பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டும் காரை எடுப்பவர்களின் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் காட்டுகின்றன. 2318 என்றிருந்தால் 2018 இன் 23 ஆவது வாரம். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும், பத்து ஆண்டுகளைத் தாண்டியதை ஆழம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடவேண்டும் என்பதே உற்பத்தியாளர்களின் பொதுவான அறிவுரை. வெயிலில் பக்கச்சுவர் வெடித்த டயரை எத்தனை முறை இடம் மாற்றினாலும் பயனில்லை. மாறாக, நாளாந்தம் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் வேலைக்குப் போய்வருபவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள், பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு அடிக்கடி போகிறவர்கள் ஆகியோருக்கு இது செலவை மீட்டுத் தரும் வேலை.

வேலைக்குப் பின் எனது காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுப்பது நின்றது. பின்னாலிருந்து முன்னுக்கு வந்த டயர்களிலிருந்து தொடக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. அது சில நூறு கிலோமீற்றரில் அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அவ்வாறே அடங்கியது. அண்மையில் மீண்டும் அளந்தபோது இடது முன் டயரின் வெளித்தோளும் உள்தோளும் ஒரே எண்ணைக் காட்டின.

கடையின் குறைகளில் காத்திருப்பதே பெரியது. அலைன்மென்ட் இயந்திரம் ஒன்றே இருப்பதால் சனி, ஞாயிறுகளில் வரிசை நீளும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மூடப்படும். நிழலில் உட்கார இடம் போதாது. அளவுகளைச் சுண்ணக்கட்டியால் டயரில் எழுதுகிறார்களே தவிர, பற்றுச்சீட்டில் எழுதித் தரும் வழக்கம் இல்லை. நான் கேட்டபோது உரிமையாளர் தயங்காமல் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அதை எல்லோரும் கேட்டு வாங்கவேண்டும், ஏனென்றால் அடுத்த முறை ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது. இடமாற்றத்துக்குத் தனிக் கூலி மிகச் சிறியது. அலைன்மென்ட்டும் பலன்சிங்கும் சேர்த்துச் செய்தால் அதையும் வாங்குவதில்லை. வேலை தொடங்கும் முன்பே மொத்தத் தொகையைச் சொன்னார்கள். சொன்னதற்கு மேல் கேட்கவில்லை. லொறி, பேருந்துச் சக்கரங்களுக்கான வசதி அங்கே இல்லை. வார நாளொன்றில் காலை வேளையில் போனால் டயரும் அதிகம் சூடேறியிருக்காது, காத்திருக்கவும் வேண்டியதில்லை.